பாம்பின் பெயர் வைத்த வேர்

திரௌபதி மேல் எனக்குக் கோபம் உண்டு. தனசேகரன் மேல் அதைவிடக் கோபம். அவள் ஊர்க்கவுண்டர் மேல், மாமியார் மேல், லத்தீன் என்கிற செத்துப்போன பாஷை மேல், எல்லார் மேலும் கோபம்தான். நான் சசிகலா. சொந்த ஊர் கணியம்பாடிப் பக்கம். ஜவ்வாது மலை மேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. மலைக்குளிர் பழகிவிட்டது, இந்தக் கோபம் மட்டும் பழகவில்லை. அதனால் இதை நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

திரௌபதி மலையிலேயே பிறந்தவள். விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்தாள். மேலே படிக்க ஆசை இருந்தது. வீட்டில் ராஜாக்கண்ணுவுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். அவன் நல்லவன்தான், ஆனால் வருஷத்தில் பாதி நாள் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் கிடப்பான். இங்கே சாமைக் கொல்லை, இரண்டு புளியமரம், மாமியார் மங்கம்மாள், சின்னக்குழந்தை என்று பெயர் கொண்ட நாத்தனார், ஒரு பெண் குழந்தை. இவ்வளவும் திரௌபதி தலையில்.

நாத்தனாரும் அண்ணியும் என்றால் ஊரில் சண்டைக்குத்தான் பேர் போனவர்கள். இவர்கள் அப்படி இல்லை. சின்னக்குழந்தைக்குப் பேன் பார்ப்பதும் ரிப்பன் கட்டுவதும் திரௌபதிதான். "எங்க அண்ணி போனாத்தான் நான் இந்த வூட்ட வுட்டுப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அவள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

திருப்பத்தூர் வியாபாரி தனசேகரன் மலை மேல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மூலிகைப் பூங்கா தொடங்கினார். களை பிடுங்கவும் தண்ணீர் ஊற்றவும் திரௌபதி வேலைக்குச் சேர்ந்தாள். செடிகளுக்குப் பெயர் எழுத கோபால்சாமி என்று ஒரு ரிட்டயர்டு தாவரவியல் பேராசிரியர் வந்தார். ஒரு செடிக்கு முன்னால் நின்றால் அதன் பெயரைச் சொல்லி, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த செடிக்கு நகர்வார். சொல்வது யாருக்கு என்றெல்லாம் பார்க்க மாட்டார். பக்கத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த திரௌபதி அத்தனையையும் பிடித்துக்கொண்டாள். அவர் கீழே இறங்கிப் போனபிறகு, வருகிற டூரிஸ்ட்டுகளுக்குச் சுற்றிக் காட்டுகிற வேலை அவளுக்கு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் ஒரு கும்பலை இழுத்துக்கொண்டு ராணி மாதிரி நடந்து வந்தாள்.

"இது கடுக்கா. லத்தீன்ல டெர்மினாலியா. டெர்மினஸ்னா கடைசி. எலைங்க எல்லாம் கெளையோட கடைசில கொத்தா இருக்குது பாருங்க, அதான் அந்தப் பேரு. இது சந்தனம். சாண்டலம் ஆல்பம். ஆல்பம்னா வெள்ளை." சாமைப் பாத்தி வந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இதுக்கு இன்னா பேரு தெரியுமா? பானிக்கம் சுமத்ரென்ஸ். சுமத்ரா தீவோட பயிராம்! எங்க முப்பாட்டன் காலத்துலேர்ந்து நாங்க வெதைக்கிறோம். கப்பல்ல போன எவனோ அங்க பார்த்துட்டு அந்த ஊர் பேரை வச்சிட்டான். பேரு வைக்கிறவன் எங்க நிக்கிறானோ அதான் பேரு. நாம எங்க நின்னா இன்னா?"

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். இத்தனை தெளிவாகப் பேசினவள்தான் பத்தடி தள்ளி இருந்த அடுத்த பாத்தியில் போய்க் கோட்டை விட்டாள்.

அந்தப் பாத்தியில் சர்ப்பகந்தா. லத்தீனில் ரவுவோல்ஃபியா செர்பென்டினா. முன்பாதி ஒரு ஜெர்மன் டாக்டரின் பெயர், அவர் இந்தியாவுக்கே வந்ததில்லையாம். பின்பாதியில்தான் பாம்பு இருக்கிறது. லத்தீனில் செர்பெரே என்றால் ஊர்வது. அதிலிருந்து செர்பென்ஸ், பாம்பு. தோண்டி எடுத்தால் வேர் வளைந்து நெளிந்து கிடக்கும், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். முன்காலத்தில் பாம்புக்கடிக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள், அதனால்தான் என்றும் சொல்வார்கள். கோபால்சாமி சார் இரண்டையும் சொல்லிவிட்டு, "குடுத்துப் பார்த்தாங்கம்மா, அவ்வளவுதான். இந்த வேர்லேர்ந்து கெடச்சது பிரஷர் மருந்து. விஷத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றும் சொல்லியிருக்கிறார். இது திரௌபதிக்கு நன்றாகத் தெரியும்.

தனசேகரனுக்கு அது தேவைப்படவில்லை. வழவழப்பான பெரிய பலகை ஒன்று வைத்தார். 'பாம்பின் பெயர் கொண்ட அதிசய மூலிகை! டாக்டர்களின் லத்தீன் மொழியில் செர்பென்டினா என்றால் பாம்பு. பாம்புக்கடிக்கு நிவாரணம்.' தமிழுக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்தில் லத்தீன் பெயர். அதைக் காட்டித் திரௌபதியும் பாம்புக்கடிக்கு மருந்து என்றே கூட்டத்துக்குச் சொன்னாள். வாசலில் இருந்த கடையில் பச்சைக் கல் வில்லைகள் வேறு. செர்பென்டைன் என்கிற கனிமம் அது. பச்சையில் கருப்பும் வெளுப்புமாகக் கோடு ஓடி, பாம்புத் தோல் மாதிரி இருக்கும். அந்தத் தோலைப் பார்த்துத்தான் அதே லத்தீன் வார்த்தையைக் கல்லுக்கும் வைத்தார்கள். தனசேகரன் அதற்கு 'விஷம் உறிஞ்சும் சர்ப்பக்கல்' என்று சீட்டு ஒட்டி விற்றார். பார்க்கப் பாம்பு மாதிரி இருந்தால் பாம்புக்கு மருந்து என்றால், என் வீட்டு ஹோஸ் பைப்பும் மருந்துதான்.

"இன்னாடி இது அநியாயம்?" என்று திரௌபதியை அன்றைக்கே தனியே இழுத்துக் கேட்டேன்.

"சும்மா கதைக்குத்தான் அக்கா. கீரி இந்த வேரைத் தின்னுட்டுத்தான் பாம்புகூட சண்டைக்குப் போவும்னு சொன்னா அவங்க மூஞ்சியெல்லாம் எப்படி மலர்ந்து போவுது தெரியுமா? வெயிலுக்கு வர்றாங்க, போட்டோ எடுத்துக்கினு போறாங்க. அவங்களையா வந்து பாம்பு கடிக்கப் போவுது?"

"கேக்குறது அவங்க மட்டுமாடி?"

"நீங்க ஒண்ணு. எங்க ஊர்க்காரங்க போர்டையெல்லாம் எங்க படிக்கப் போறாங்க?"

படிக்கவில்லைதான். படிக்காததுதான் வினையாகிப்போனது. மலைக்காரர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. மந்திரிக்கிறவனை விட்டு ஆஸ்பத்திரிக்கு வர நாங்கள் அவர்களைப் பழக்கியிருந்தோம். மாத்திரை அட்டையில் இருக்கும் புரியாத எழுத்துக்கு மரியாதை கொடுக்கவும் அவர்கள் பழகியிருந்தார்கள். அதே எழுத்து பலகையில் இருந்தது. அது டாக்டர்களின் பாஷை என்று தமிழில் எழுதியிருந்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு படித்துச் சொன்னார்கள். வாய் ஓயாமல் அதைச் சொன்னவள் சொந்த ஊர்க்காரி. பாட்டன் பூட்டன் வைத்தியம் என்றால்கூட இரண்டு பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள். இதை ஆஸ்பத்திரி மருந்து என்றே நம்பினார்கள்.

சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அன்று காலையில் அறுத்துப் போட்ட கட்டைச் சின்னக்குழந்தை குனிந்து தூக்கினாள். அடியில் கண்ணாடி விரியன். கணுக்காலில் கடித்துவிட்டது.

கட்டுகளை ஏற்ற வந்த டிரைவர் தங்கவேலின் ஜீப் கொல்லை ஓரத்திலேயே நின்றது. ஏற்றி நேரே ஓட்டியிருந்தால் சாமை வாசம் கையில் இருக்கும்போதே எங்களிடம் வந்து சேர்ந்திருப்பாள். ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம். நோயாளியை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோவதானால் ஊர்க்கவுண்டரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவர் வந்தார், காலைப் பார்த்தார், யோசித்தார்.

"ஆஸ்பத்திரி எங்கியும் ஓடிப் போவாது. போற வழியிலதானே பூங்கா? நம்ம திரௌபதிகிட்ட வேரு இருக்குது. மொதல்ல அதைக் குடுத்து வெசத்தை நிறுத்திக்கினு அப்பறம் போலாம்" என்றார்.

பூங்கா வாசலில் ஜீப் நின்றது. உள்ளே டூரிஸ்ட்டுகளோடு இருந்த திரௌபதி ஓடி வந்தாள். வண்டிக்குள் நாத்தனாரைப் பார்த்ததும் அலறிவிட்டாள்.

"இங்க ஏன் நிறுத்தினீங்க? போங்க! ஆஸ்பத்திரிக்குப் போங்க!"

"வேரைக் குடு, போறோம்," என்றார் கவுண்டர்.

"அது மருந்து இல்ல மாமா! வேரு நெளிஞ்சு நெளிஞ்சு இருக்கும், அதப் பார்த்து வச்ச பேரு அது. வெறும் பேரு!"

மங்கம்மாள் மருமகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீதானடி ஊருக்கெல்லாம் சொன்ன? டாக்டருங்க பாஷைலயே பாம்புன்னு போட்டிருக்குதுன்னு நீதானடி சொன்ன? வர்றவன் போறவனுக்கெல்லாம் சொல்லுவ, என் பொண்ணுக்கு இல்லன்னுவியா? மொதலாளி திட்டுவாருன்னு பயமா?"

அதற்குள் ஆட்கள் பாத்திக்குள் இறங்கிச் செடியைப் பிடுங்கிவிட்டார்கள். வேரை அரைத்து வாயில் ஊற்றினார்கள். கடைக்காரப் பையன் நல்லது செய்வதாக நினைத்துப் பச்சைக் கல் ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

விஷக்கல் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. கடிவாயில் வைத்தால் கல் கப்பென்று ஒட்டிக்கொள்ளும், விஷத்தைக் குடித்து முடித்ததும் தானாக விழும், அது விழுகிறவரை ஆளை அசைக்கக்கூடாது. இந்தக் கல்லோ மெருகு போட்ட கல், ஒட்டுமா? வைக்க வைக்க வழுக்கிக்கொண்டு வந்தது. மங்கம்மாள் தன் முந்தானையைக் கிழித்தாள். கல்லைக் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டு, அது தானாக விழட்டும் என்று எல்லாரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கட்டி வைத்த கல் எப்படி விழும் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டை அவிழ்க்கப் பாய்ந்த திரௌபதியை இரண்டு ஆண்கள் பிடித்துக்கொண்டார்கள். டூரிஸ்ட்டுகள் போனில் வீடியோ எடுத்தார்கள். சின்னக்குழந்தை "அண்ணி, தண்ணி" என்று கேட்டாளாம். கல் விழுகிறவரை தண்ணீர் தரக்கூடாது என்று அதையும் கொடுக்கவில்லை.

ஈறிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்த பிறகுதான் தங்கவேல் யாரையும் கேட்காமல் அவளைத் தூக்கி வண்டியில் போட்டான். எங்களிடம் வந்து சேர்ந்தபோது கால் தொடை வரை வீங்கியிருந்தது. கத்தரிக்கோலை விட்டு முந்தானைக் கட்டை நான் வெட்டினேன். அப்போதுதான் அந்தக் கல் விழுந்தது.

விஷமுறிவு மருந்து ஃப்ரிட்ஜில் இருந்தது. டாக்டரும் இருந்தார். எல்லாம் இருந்தது, நேரம்தான் இல்லை. அந்த வேர் ரத்த அழுத்தத்தை இறக்கும். விஷத்தால் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தவளை அது இன்னும் கீழே தள்ளியது. மருந்தை ஏற்றி, ஆம்புலன்ஸில் வைத்து, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நானும் கூடப் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் அவள் கை என் கையில் இருந்தது, மலை இறங்கி முடிப்பதற்குள் அந்தக் கை தளர்ந்துவிட்டது. பிணத்தோடு மலையேறி வந்ததை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் திரௌபதி பூங்காவுக்குக் கடப்பாரையோடு போனாள். பலகையைப் பிடுங்கிப் பாதையில் போட்டு உடைத்தாள். தனசேகரன் திருப்பத்தூரிலிருந்து பறந்து வந்தார். விஷயம் கேள்விப்பட்டு நானும் போயிருந்தேன்.

"போர்டுல இன்னா தப்பு சிஸ்டர்?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். "தமிழ்லயும் சர்ப்பம்னு சொல்றாங்க, லத்தீன்லயும் சர்ப்பம்னு சொல்றாங்க. ரெண்டு தேசத்துக்காரனும் சேர்ந்து பொய் சொல்வானா?"

"பொய் சொல்லல. ரெண்டு பேருக்கும் கண்ணு இருந்துச்சு, வேரைப் பார்த்தாங்க, பேரு வச்சாங்க. மருந்துன்னு எழுதினது நீங்க. வெட்கமா இல்ல உங்களுக்கு?" என்று கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை.

அவர் திரௌபதியை வேலையைவிட்டு நிறுத்தினார். புதுப் பலகை வைத்தார். நிவாரணம் என்கிற வரியை மட்டும் எடுத்துவிட்டார். 'டாக்டர்களின் லத்தீன் மொழியில் பாம்பு' அப்படியே இருந்தது. யாரும் கேள்வி கேட்க முடியாதல்லவா, அர்த்தம் சரிதானே! கெட்டிக்காரர்.

அதற்கப்புறம் திரௌபதி ஜமுனாமரத்தூர் சந்தையில் நின்று கத்தினாள். வாரா வாரம் கத்தினாள். "அந்த வேரு மருந்தில்ல! பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரிக்குப் போங்க! கல்லு வேணாம், வேரு வேணாம்!" ஜனங்கள் காய்கறியை வாங்கிக்கொண்டு விலகிப் போனார்கள். நாத்தனார் செத்ததில் அவளுக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். முன்பு மருந்து என்றாள், இப்போது இல்லை என்கிறாள், எதை நம்புவது என்றும் சிலர் கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. கேரளாவிலிருந்து ராஜாக்கண்ணு போனில், "வூட்டுக்குள்ள அடங்கிக் கெட" என்றான். அவள் அடங்கவில்லை.

ஒரு நாள் சந்தையிலிருந்து அவள் வீட்டுக்குப் போனால் வாசலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் சர்ப்பகந்தா. துக்கம் நடந்த வீடு என்று தனசேகரன் இரக்கப்பட்டு இலவசமாக அனுப்பியிருந்தார். மங்கம்மாள் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் திரௌபதியின் பெண் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு வேரு பத்தல," என்றாள் மங்கம்மாள். "அவசரத்துல கொஞ்சமா அரைச்சுட்டாங்க. இனிமே வூட்டுலயே இருக்கட்டும். உன் பொண்ணுக்கு எதுனா ஆனா நாம எங்கியும் ஓட வேணாம்."

திரௌபதி தொட்டியைத் தூக்கினாள். கிழவி அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அது மருந்தில்ல அத்தை."

"மருந்துதான்."

"இல்ல அத்தை. நேரத்தோட கொண்டு போயிருந்தா..."

"சொல்லாத!" மங்கம்மாள் கத்தினாள். "அது மருந்தில்லன்னா என் கையாலதானடி என் பொண்ணு போனா? கட்டினது இந்தக் கைதானே? தண்ணி குடுக்காம உட்கார்ந்திருந்தது நான்தானே? அதனால அது மருந்துதான். நீ சந்தையில நின்னு இன்னா கத்தினாலும் அது மருந்துதான்."

இதை என்னிடம் சொல்லும்போது திரௌபதி அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். நானாக இருந்தால் செடியை விட்டுவிட்டுப் போயிருப்பேன். பெற்ற வயிறு, பாவம், எதையாவது பிடித்துக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அவளுக்குப் பக்கத்திலேயே அவள் பெண் விளையாடிக்கொண்டிருந்தது.

திரௌபதி மாமியார் காலடியில் உட்கார்ந்தாள். "அத்தை, உன் கையால போவல. என் வாயால போனா. மருந்து இல்லன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சே மருந்துன்னு சொன்னேன். நீ என்னை நம்பினே. நம்பினவ மேல இன்னா தப்பு? கொன்னது நான்தான். என்னைத் திட்டு. ஊரைக் கூட்டித் திட்டு. ஆனா இந்தச் செடி இந்த வூட்டுல வேணாம்."

கிழவி தொட்டியிலிருந்து கையை எடுத்தாளாம். எடுத்த கையாலேயே மருமகளைக் கன்னத்தில் அறைந்தாளாம்.

அன்றிலிருந்து மங்கம்மாள் திட்டுகிறாள். தண்ணீர்க் குழாயடியில், மாரியம்மன் கோயிலில், நூறு நாள் வேலைக்குப் போகிற இடத்தில், எங்கேயும் திட்டுகிறாள். "மருந்தில்லாத வேரை மருந்துன்னு சொல்லி என் பொண்ணைக் கொன்ன பாவி." திரௌபதி அதே வீட்டில்தான் இருக்கிறாள், அவளுக்குக் கஞ்சி வைக்கிறாள். கிழவி அதைக் குடித்துவிட்டுத் திட்டப் போகிறாள்.

எனக்குத் தாங்கவில்லை. "நான் வந்து பேசுறேன்டி. போர்டு வச்சவன் ஜாலியா ஏசி கார்ல போறான். கவுண்டர் மீசையை முறுக்கிக்கினு திரியறாரு. கல்லை வித்தவங்க இன்னும் வித்துக்கினு இருக்காங்க. நீ மட்டும் ஏன் சுமக்கணும்? நீ பண்ணது தப்புதான், அதுக்காக எல்லாத்தையுமா?" என்று குதித்தேன்.

"பேசாத அக்கா," என்றாள். "நான் சந்தையில கத்தினப்ப ஒருத்தரும் கேக்கல. அத்தை திட்டினா எல்லாரும் நின்னு கேக்குறாங்க. திட்டட்டும், வுடு."

நான் போகவில்லை. இங்கே எழுதுகிறேன், மங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது.

போன மாதம் அந்த ஊரிலிருந்து தங்கவேலின் ஜீப் வந்து நின்றது. விறகு பொறுக்கப் போன ஒருவனுக்குக் கையில் கடி. கடித்து அதிக நேரம் ஆகவில்லை, வீக்கம் மணிக்கட்டைத் தாண்டவில்லை. அந்தக் கையை அசையாமல் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தவள் திரௌபதி. முன்னால் ஊர்க்கவுண்டர்.

"வேரு எதுனா குடுத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஊசிக்கு மருந்தை எடுத்தேன்.

"வேரா?" கவுண்டர் திரௌபதி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இவ குடுத்த வேரைத் தின்னுதானே எங்க சின்னக்குழந்தை செத்துச்சு? எவனாவது அதைத் தொடுவானா சிஸ்டர்?"

அந்த ஆளை அங்கேயே அறைந்திருப்பேன். கையில் மருந்து இருந்தது. திரௌபதி அவர் சொன்னது காதில் விழாதவள் மாதிரி என்னிடம் குனிந்தாள்.

"பொழைச்சுக்குவானா அக்கா?"

"பொழைச்சுக்குவான்," என்றேன்.